சிவசாகர் வட்டார அசாமியில் வினையை எதிர்மறையாக்கும் முறை

அசாமி மொழியின் எழுத்து வழக்கு, மேல் அசாமிலுள்ள சிவசாகர் வட்டாரப் பேச்சைத் தழுவி அமைந்தது. 1846இல் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரிகள் அவ்வூரிலிருந்து ‘ஒருனொதொய்’ இதழைத் தொடங்கியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். புதிதாகக் கற்பவர் இந்த வழக்கின் வினைகளிலிருந்து தொடங்கலாம். அவற்றில் எதிர்மறையே முதலில் கைவர வேண்டியது என்பது என் உறுதியான கருத்து.

வங்காள மொழியில் எதிர்மறைச் சொல் வினைக்குப் பின்னே நிற்கும். அசாமியிலோ ‘ந்’ என்னும் ஒலி வினையின் முன்னே ஒட்டி, அவ்வினையின் முதல் உயிரையே தனக்கும் எடுத்துக்கொள்ளும். ‘கொரே’ (செய்கிறான்) ‘நொகொரே’ ஆகும்; அவ்வாறே ‘காய்’ (உண்கிறான்) ‘நாகாய்’ என்றும், ‘லிகே’ (எழுதுகிறான்) ‘நிலிகே’ என்றும், ‘புஜே’ (புரிந்துகொள்கிறான்) ‘நுபுஜே’ என்றும், ‘தெகே’ (பார்க்கிறான்) ‘நெதெகே’ என்றும் மாறும். வினை உயிரில் தொடங்கினால் ‘ந்’ நேரே அதனோடு சேர்ந்துவிடும்: ‘ஆஹே’ (வருகிறான்), ‘நாஹே’. கவனிக்க வேண்டியது, அகராதியில் உள்ள வேரின் உயிரை அன்று, வாயில் ஒலிக்கும் வடிவத்தின் உயிரை. ‘காய்’ என்பது ‘துமி’ (நீ) என்ற எழுவாயோடு ‘கோவா’ ஆகும்போது எதிர்மறையும் ‘நோகோவா’ ஆகிறது. ஆகார வினைகளில் ‘நாலாகே’ (வேண்டாம்) என்பதைப் பேச்சில் ‘நெலாகே’ என்பாரும் உண்டு. தமிழெழுத்தால் வல்லோசை, மெல்லோசை, மூச்சொலி வேறுபாடுகளைக் காட்ட இயலாதாகையால், இவற்றை அம்மொழி பேசுவோர் வாயால் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது முறைதான் நம்மவர் தடுமாறும் இடம். ‘கொரிஸே’ (செய்திருக்கிறான்) போன்ற வடிவங்களுக்கு முன்னே ‘ந்’ ஒட்டுவதில்லை. வினைப்பெயரை வைத்து அதன்பின் ‘நாஇ’ சேர்த்து ‘கொரா நாஇ’ என்பார்கள். நான், நீ, அவன் என எவர் செய்யாவிட்டாலும் ‘நாஇ’ மாறாது. நம் ‘செய்யவில்லை’யும் எல்லா இடத்துக்கும் பொதுவாக நிற்பதால் இது தமிழருக்கு எளிதில் படியும்.

இவ்விரண்டையும் மாற்றிச் சொன்னால் பொருள் மாறும். விருந்துக்குச் சென்ற வீட்டில் மீன் பரிமாற வரும்போது ‘மாஸ் நாகாவ்’ என்றால், மீன் உண்பதில்லை, எனக்கு வேண்டாம் என்று பொருள். வீட்டார் அதை எடுத்துச் சென்றுவிடுவார்கள். ‘பாத் கோவா நாஇ’ என்றாலோ இன்னும் சோறு உண்ணவில்லை என்று பொருள்படும். உடனே இலையோ தட்டோ வந்துவிடும். வழக்கத்தையும் மறுப்பையும் சொல்ல முன்னொட்டு, நடந்து முடியாததைச் சொல்ல ‘நாஇ’ என்று மனத்தில் இருத்திக்கொள்ளலாம்.

விதிக்கு அடங்காதவை சில உண்டு. அவற்றை மனப்பாடம் செய்வதே வழி. ‘ஆஸே’ (இருக்கிறது) என்பதன் எதிர்மறை ‘நாஇ’. ‘பாரே’ (இயலும்) என்பதன் எதிர்மறை ‘நோவாரே’.

மேற்கு அசாமின் நல்பாரி, பர்பேட்டா பக்கத்தில் பேசப்படும் காம்ரூபி என்னும் வட்டார வழக்கில் அழுத்தம் சொல்லின் முதலில் விழுவதால் நடு உயிர்கள் தேய்ந்து ஒலிக்கும். சிவசாகர் வடிவங்களை அங்கே அப்படியே எதிர்பார்க்கக் கூடாது.

ஒருவரை ‘செய்யாதே’ என்று தடுக்கும்போது எதிர்கால வடிவத்தையே முன்னொட்டோடு ஆள வேண்டும். சமமானவரிடம் ‘நொகொரிபா’ என்றும், மிக நெருங்கியவரிடமோ சிறுவரிடமோ ‘நொகொரிபி’ என்றும், மதிப்புக்குரியவரிடம் ‘நொகொரிபொ’ என்றும் சொல்ல வேண்டும். பெரியவர் முன் ‘பி’ ஈறு வாய்தவறியும் வரலாகாது.