ஜில்லா போர்டு போய்விட்டது, அதன் ஃபைல் எங்கே?

எங்கள் சத்தியவேடு பக்கத்தில் ஜில்லா போர்டு (அந்தக் காலத்து மாவட்ட உள்ளாட்சி அமைப்பு) பள்ளிக்கு என் தாத்தா கொஞ்சம் நிலம் எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தைத் தேடி நான் அலைந்தது போல நீங்களும் அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாளில் ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். 1960 ஏப்ரல் 1க்கு முன்பா, பின்பா? அன்றுதான் திருத்தணி ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்குப் போனது. பதிலுக்குச் சத்தியவேடு பக்கத்து ஊர்கள் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து ஆந்திராவுக்கு வந்தன. 1959ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டத்தின் அட்டவணையில் உங்கள் ஊரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், 1960க்கு முந்தைய சங்கதியைத் தமிழ்நாட்டுப் பக்கம்தான் தேட வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அந்தக் காலத்து ஸ்தல நிர்வாகத் துறை அரசாணைகளில் தொடங்கலாம்.

அடுத்தது, வாரிசைக் கண்டுபிடிப்பது. ஓர் அமைப்பைக் கலைத்தால் அதன் சொத்து, கடன், ரெக்கார்டு எல்லாம் பொதுவாக அடுத்து வந்த அமைப்பின் கைக்குப் போகும். ஆந்திராவில் 1959 சட்டத்தால் ஜில்லா போர்டு இருந்த இடத்துக்கு ஜில்லா பரிஷத் வந்தது, கீழே பல ஊர்களைச் சேர்த்துப் பார்க்கும் பஞ்சாயத்து சமிதிகள் வந்தன. 1986 சட்டம் சமிதிகளை எடுத்துவிட்டு, மண்டலம் என்ற சிறிய பிரிவு ஒவ்வொன்றுக்கும் மண்டல பிரஜா பரிஷத்துகளைக் கொண்டுவந்தது. ஒரு சமிதி பல மண்டலங்களாகப் பிரிந்திருந்தால், சமிதி ஆபீஸ் எந்த ஊரில் இருந்ததோ அங்கே முதலில் கேளுங்கள்.

நான் சறுக்கிய இடம் இதுதான். சமிதி ரெக்கார்டு வேண்டும் என்று தாசில்தார் பக்கம் மனு கொடுத்தேன். ‘அப்படி ஒரு அலுவலகம் இல்லை’ என்று ஒரே வரியில் திரும்பி வந்தது. பெயர் ஒன்றாக இருந்தாலும் ரெவின்யூ மண்டலம் வேறு, பரிஷத் மண்டலம் வேறு. சமிதி விஷயத்துக்கு எம்.பி.டி.ஓ. (மண்டல பரிஷத் வளர்ச்சி அதிகாரி) ஆபீஸ்தான்.

சரி, மனுவில் என்ன எழுதுவது? ‘பழைய ஃபைல் எல்லாம் வேண்டும்’ என்றால் ஒன்றும் கிடைக்காது. அமைப்பின் பழைய பெயர், ஆண்டு, ஊர், சர்வே எண் ஆகியவற்றை எழுதி, கலைப்பின்போது தயாரித்த ஒப்படைப்புப் பட்டியலின் நகலையும் கேளுங்கள். ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) சட்டத்தில் நேரில் பார்வையிடும் உரிமையும் உண்டு, அதையும் சேர்த்துக் கேளுங்கள். தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் 6(3) பிரிவின்படி 5 நாட்களுக்குள் மனுவை அங்கே மாற்றிவிட வேண்டும். பழைய ஃபைல் எண்ணில் ‘ஆர்.டிஸ்’ என்றிருந்தால் நிரந்தரமாக வைக்க வேண்டியது. ‘டி.டிஸ்’ என்றால் 10 ஆண்டுகளோடு சரி. அழித்துவிட்டோம் என்று சொன்னால், அழிப்புப் பதிவேட்டில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம், நிலம் தானமென்றால் இன்னொரு வழி இருக்கிறது. தானப் பத்திரத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பதால் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் அதன் நகல் இருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஆண்டில் உங்கள் ஊர் எந்த ஆபீஸுக்கு உட்பட்டிருந்தது என்று பார்த்துவிட்டுப் போங்கள். எனக்குக் கிடைத்தது அங்கேதான். பழுப்பேறிய பக்கம், மடிப்பில் விரல் பட்டாலே உதிர்கிறது, முழுக்கத் தமிழ்க் கையெழுத்து. தெலுங்கு மட்டும் படிக்கத் தெரிந்த கிளார்க் நோட்டை என் பக்கம் திருப்பி, “நீங்களே படிங்க சார்” என்றார். கிழக்கே ஓடை, மேற்கே வண்டிப்பாதை என்று நான் படிக்கப் படிக்க அவர் தெலுங்கில் எழுதிக்கொண்டே வந்தார்.