மாதிரி ரயில் தடத்தில் பழைய பொம்மைக் கார்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1856இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையத்தை மேசையின்மேல் மாதிரியாகக் கட்டுகிறவர், அதன் தூண்களைக்கூட அளந்து செதுக்குவார்; ஆனால் வாசலில் நிறுத்தும் காரை மட்டும் அலமாரியில் கிடக்கும் பழைய பொம்மைகளிலிருந்து கண்மதிப்பில் எடுத்து வைத்துவிடுவார். நான் அதிகம் காணும் தவறு இதுதான்.

மாதிரி ரயில்களின் அளவு வகைகளில் ஹெச்.ஓ. என்பது 1:87, அதாவது உண்மையில் 87இல் ஒரு பங்கு; ஓ.ஓ. என்பது 1:76. இரண்டும் ஒரே 16.5 மி.மீ. இடைவெளியுள்ள தண்டவாளத்தில் ஓடுவதால் இரண்டும் ஒன்றே என எண்ணுவோர் உண்டு. ஏறத்தாழ 4.3 மீட்டர் நீளமுள்ள அம்பாசடர் கார், 1:87இல் 5 செ.மீ. நீளமும் 1:43இல் 10 செ.மீ. நீளமும் இருக்கும். டிங்கி என்ற நிறுவனப் பெயரில் வந்த பழைய உலோகப் பொம்மைக் கார்கள் பெரும்பாலும் 1:43ஐ ஒட்டியவை என்பதால், ஹெச்.ஓ. ரயில் பெட்டியின் அருகே நிறுத்தினால் காரின் கூரை ரயில் ஜன்னலுக்கு மேலே நிற்கும். அவற்றுக்கு, ஹெச்.ஓ.வைவிடப் பெரிய அளவான ஓ கேஜ் தடமே பொருத்தம். தீப்பெட்டி போன்ற சிறு அட்டைப் பெட்டியில் அடங்குவதற்காகவே வார்க்கப்பட்ட மேட்ச்பாக்ஸ் நிறுவனத்தின் பழைய பொம்மை வண்டிகளில் குழப்பம் இன்னும் அதிகம்: ஒரே வரிசையில் காரும் பேருந்தும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்கும். எனவே பெயரை நம்பாமல், உண்மை வண்டியின் நீளத்தைப் பொம்மையின் நீளத்தால் வகுத்துப் பார்த்துவிடுங்கள். சற்றே பெரியதை முன்புறமும் சிறியதைப் பின்புறமும் வைத்தால், அளவு வேறுபாடு தொலைவின் விளைவாகத் தோன்றி மறையும்.

அடுத்தது, கடற்காற்று. ஈயம் கலந்துவிட்ட பழைய துத்தநாக வார்ப்புகள், குறிப்பாக இரண்டாம் உலகப் போருக்கு முந்தியவை, உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டு உதிரும். ஈரப்பதம் அதை விரைவுபடுத்தும். இது தொற்றுநோயன்று, பக்கத்துக் காருக்குப் பரவாது. ஆனால் குணப்படுத்தவும் இயலாது. கடலோரக் காசிமேட்டுக்கு அருகே வசிப்பவர் அத்தகைய பொம்மையைத் திறந்த தடத்தில் நிரந்தரமாக வைப்பது வீண். புதுச் சாயம் பூசுவதும் வேண்டாம். சேகரிப்பாளர்கள் தேடுவது மூலச் சாயத்தைத்தான். காரைத் தடத்தில் ஒட்டும்போது, உடனே ஒட்டும் பசையின் ஆவி கார்க் கண்ணாடியில் வெண்படலம் படியச் செய்யும். இரட்டைப் பக்க ஒட்டுநாடாவே போதும்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை அமைப்பவர்கள், வண்டிகளைத் தண்டவாளத்தை ஒட்டி நெருக்கி நிறுத்துகிறார்கள். இரு தண்டவாளங்களிலும் மின்சாரம் பாயும் தடத்தில் உலோகக் கார் குறுக்கே சரிந்தால், சாயம் போன அடித்தகடும் அச்சும் ஷார்ட் சர்க்கியூட் உண்டாக்கும். வளைவிலோ, நீண்ட பெட்டியின் நடுப்பகுதி உட்புறமும் முனைகள் வெளிப்புறமும் பிதுங்கி வரும். ஆகவே வண்டிகளை ஒட்டுமுன் உங்களிடமுள்ள மிக நீளமான பெட்டியைக் கையால் மெல்லத் தள்ளி, இருபுறமும் உரசுகிறதா என்று பாருங்கள்.