நீச்சல் அணியில் சேரும் பிள்ளைக்கு முதலில் கண்ணாடி

ஏழு வயது மகளை நீச்சல் அணியில் சேர்த்த முதல் வாரம், பாதிப் பயிற்சி நேரம் கண்ணைக் கசக்குவதிலேயே போயிற்று. காரணம், பெரியவர்களுக்கான நீச்சல் கண்ணாடி. சிறுவர் அளவையே வாங்குங்கள். கடையிலேயே, பட்டையைத் தலையில் மாட்டாமல், கண்ணாடியை மட்டும் கண்குழியில் மெதுவாக அழுத்திக் கையை எடுத்துவிடுங்கள். ஓரிரு நொடியாவது முகத்தில் ஒட்டி நின்றால் அதுதான் சரியான அளவு. உடனே விழுந்தால் வேண்டாம். பட்டையை இறுக்கிச் சரிசெய்யப் பார்த்தால் கண்ணைச் சுற்றிச் சிவந்த தடம்தான் மிஞ்சும், தண்ணீர் அப்போதும் உள்ளே வரும்.

குளத்தில் இறங்கும் முன் தலையை நல்ல தண்ணீரில் நனைத்துத் தொப்பி போட்டுவிடுங்கள். ஏற்கெனவே நனைந்த முடி குளோரின் நீரை அவ்வளவாக உறிஞ்சாது.

மல்லாந்து நீந்தும்போது சுவரில் தலை இடிக்குமோ என்ற பயம் பல பிள்ளைகளுக்கு உண்டு. போட்டிக் குளங்களில் இரு முனைச் சுவருக்கும் 5 மீட்டர் முன்பாக, மேலே கொடித் தோரணம் கட்டியிருப்பார்கள். கொடியைக் கடந்ததும் எத்தனை கைவீச்சில் சுவர் வருகிறது என்று மெதுவாக நீந்தி எண்ணச் சொல்லுங்கள். முதல் சில முறை பயிற்சியாளர் சுவரருகே நிற்கட்டும். என் மகளுக்கு ஏழு வீச்சு. அந்த எண் பிடிபட்ட நாளிலிருந்து அவள் தலையைத் திருப்பிச் சுவரைத் தேடுவதில்லை.