குளிர்நீர்க் குழாயில் குடியேறிய மட்டியை விரட்டியது

அமெரிக்காவின் டென்னசி ஆற்றுத் தண்ணீரை எடுத்து ஓடும் எங்கள் ஆலையில், சூட்டை அந்தத் தண்ணீருக்குக் கடத்திக் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் சூடாகிக்கொண்டே போனது. மூடியைத் திறந்தால் குழாய் வாய்களில் விரல்நகம் அளவு மஞ்சள்பழுப்பு ஓடுகள், சேறோடு சேர்ந்து அப்பிக் கிடந்தன. ஆசிய மட்டி, அதாவது கார்பிகுலா. 1980-ல் ஆர்கன்சாஸில் ஓர் அணு உலையையே நிறுத்த வைத்த ஆள்!

தினம் கொஞ்ச நேரம் விடும் குளோரின் பாசிக்குச் சரி, இதனிடம் பலிக்காது; வாடை பட்டதும் ஓட்டை இறுக மூடிக்கொண்டு நாள்கணக்கில் சும்மா கிடக்கும், தண்ணீர் தெளிந்ததும் திறந்துகொண்டு பழையபடி தின்னத் தொடங்கிவிடும். வாரக்கணக்கில் விடாமல் கொடுத்தால் சாகும்தான். ஆனால் ஆற்றில் விடும் நீரில் குளோரினுக்கு வரம்பு இருக்கிறதே.

அதனால் குவாட்டர்னரி அம்மோனியம் வகை மருந்துக்குப் போனோம். இதை மட்டி கண்டுகொள்வதில்லை, திறந்தபடியே உறிஞ்சிக்கொள்கிறது, தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் ஒரு நாள் கொடுத்தாலே போதும். மீனுக்கும் விஷம் என்பதால் வெளியேறும் இடத்தில் பென்டோனைட் களிமண்ணைக் கரைத்து விட வேண்டும், மருந்து அதில் ஒட்டிக்கொள்ளும். அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

அப்புறம்தான் நாற்றமெடுத்த வேலை. செத்த மட்டி வாய் பிளந்து, சதை அழுகி, காலி ஓடுகள் கும்பலாக அடித்து வரும். வடிகட்டிகளை மாற்றி மாற்றிக் கழுவ ஆள் வேண்டும். குஞ்சுகளோ கால் மில்லிமீட்டர்தான், சல்லடையெல்லாம் அதற்குத் திறந்த வாசல், ஆகவே அவை பெருகும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் ஒரு சுற்று கொடுத்துவிடுகிறோம்.