மெட்டல் டிடெக்டர்: செய்வதா, வாங்குவதா?

மெட்டல் டிடெக்டர் வேண்டும் என்பவர், எதைத் தேடப்போகிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தோட்டத்து மண்ணில் புதைந்த இரும்புக் குழாயைக் கண்டறிவதுதான் நோக்கம் என்றால், துடிப்புத் தூண்டல் முறையில் (சுருளில் குறுகிய மின்துடிப்புகளைச் செலுத்தி, உலோகம் தரும் மறுவினையைக் கவனிக்கும் முறை) இயங்கும் கருவியை வீட்டிலேயே செய்துவிடலாம். அதில் துடிப்பை அனுப்பவும் மறுவினையைப் பெறவும் ஒரே ஒரு சுருள் போதும்: 0.5 மி.மீ. எனாமல் செம்புக் கம்பியை 20 செ.மீ. விட்டத்தில் 25 சுற்றுகள் சுற்றினால், ஏறத்தாழ 300 மைக்ரோஹென்றி தூண்டல் (மின்னோட்ட மாற்றத்தைச் சுருள் எதிர்க்கும் அளவு) கிடைக்கும். சுற்றுகள் அசையாதபடி நூலால் இறுகக் கட்டுங்கள். கம்பி முனைகளில் செம்பு பளிச்சென்று தெரியும் வரை எனாமலைச் சுரண்டிய பிறகே சால்டர் வையுங்கள், இல்லையேல் இணைப்பு நிலைக்காது. கைப்பிடிக்கு பிவிசி குழாய் போதும். சுருளுக்கு அருகில் இரும்புத் திருகாணி எதுவும் கூடாது.

இரும்பையும் வெள்ளியையும் பிரித்தறிய வேண்டுமெனில், வாங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அதற்குரிய தாழ் அதிர்வெண் கருவிகள் மின்னலையைத் தொடர்ந்து அனுப்புபவை; அவற்றில் இரண்டு சுருள்கள் உண்டு. அனுப்பும் சுருளின் நேரடித் தாக்கம் பெறும் சுருளில் ஏறக்குறைய சுழியாகும்படி இரண்டையும் பொருத்த வேண்டும்; சுருள் இம்மியளவு நகர்ந்தாலும் அந்தச் சமநிலை குலைந்துவிடும். வாங்கும்போது, மண்ணிலுள்ள கனிமங்களுக்கேற்பச் சரிசெய்யும் வசதி உண்டா என்று பாருங்கள். இரும்புச்சத்து மிகுந்த செம்மண்ணில் அது இல்லாத கருவி ஓயாமல் பொய்யொலி எழுப்பும்.

எந்த வழியானாலும், இந்தியாவில் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால், 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் தெரிவித்தாக வேண்டும்.