விண்டோஸா லினக்ஸா? முதலில் லாகைத் திறந்து பாருங்கள்

கம்ப்யூட்டர் பாதி வேலையில் அணைந்தால் முதல் திட்டு விண்டோஸுக்குத்தான். "லினக்ஸ் போடுங்க சார், தொல்லையே இருக்காது" என்று சென்னையின் கம்ப்யூட்டர் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒருவர் சொல்வார், அடுத்த கடையில் அதற்கு நேர்மாறாகச் சொல்வார்கள். கம்ப்யூட்டர் தானே எழுதிவைக்கும் பதிவான லாகைப் பார்த்து, கோளாறு எங்கே என்று தெரிந்துகொள்ளாமல் ஓ.எஸ். (விண்டோஸ், லினக்ஸ் போன்ற ஆபரேட்டிங் சிஸ்டம்) மாற்றினால் புது ஓ.எஸ்ஸிலும் அதே கோளாறு வந்து நிற்கலாம்.

ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று தட்டினால் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' வரும். நாள்வாரியாக 1 முதல் 10 வரை ஒரு கோடு, கீழே சிவப்புக் குறிகள். அப்ளிகேஷன் வரிசையில் ஒரே மென்பொருளின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அந்த மென்பொருளை அப்டேட் செய்யுங்கள். குறிகள் தொடங்கிய நாளுக்கு முன்தினம் ஏதாவது டிரைவர் (ஒரு பாகத்தை இயக்கும் மென்பொருள்) ஏறியிருந்தால் டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக்' கொடுத்துப் பழைய டிரைவருக்குத் திரும்புங்கள்.

மெஷினே ரீஸ்டார்ட் ஆகிறதென்றால் விண்டோஸிலேயே இருக்கும் 'ஈவென்ட் வியூவர்' என்ற புரோகிராமைத் திறந்து விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று போங்கள். அங்கே 'கெர்னல்-பவர் 41' என்று சிவப்பாக இருப்பதைப் பார்த்துப் பலர் விண்டோஸ் மேல் பழி போடுகிறார்கள். அது தவறு. போன தடவை முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. காரணம் டீடெயில்ஸ் டேபில் உள்ள 'பக்செக்கோட்' எண்ணில் இருக்கிறது. 278 என்றால் கிராஃபிக்ஸ் டிரைவர் பதில் சொல்லவில்லை. 159 என்றால் ஸ்லீப் போன்ற பவர் மாற்றத்தில் ஒரு டிரைவர் சிக்கிக்கொண்டது. 292 என்றால் ஹார்டுவேரே பிழை சொல்லியிருக்கிறது. 0 என்றால் ப்ளூ ஸ்கிரீன் (விண்டோஸ் விழும்போது வரும் நீலத் திரை) பதிவாகவே இல்லை. கரன்ட் போயிருக்கும், அல்லது மெஷின் உறைந்து நீங்களே பவர் பட்டனை அழுத்தியிருப்பீர்கள்.

சென்னை வீடுகளில் 0 வந்தால் முதலில் இன்வர்ட்டரைப் பாருங்கள். கரன்ட் விட்டால் கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். சுமார் 16 மில்லிசெகண்டுதான் தாக்குப்பிடிக்கும். இன்வர்ட்டர் நார்மல் மோடில் இருந்தால் மாறுவதற்கு அதைவிட அதிக நேரம் ஆகலாம். ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், கம்ப்யூட்டர் செத்துவிடும். 'யு.பி.எஸ்.' மோடுக்கு மாற்றுங்கள். தனி யு.பி.எஸ். என்றால் உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஏ.எச். பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் சோர்ந்துவிடும். வேலையெல்லாம் சேவ் செய்துவிட்டு, சுவரில் யு.பி.எஸ்ஸுக்கான சுவிட்சை ஆஃப் செய்து பாருங்கள். உடனே அணைந்தால் பேட்டரி போய்விட்டது. கத்திரி வெயிலில், ஏ.சி. இல்லாத அறையில் மத்தியானம் மட்டும் அணைகிறதென்றால் பிராசசர் ஃபேனில் அடைத்த தூசியைச் சந்தேகப்படுங்கள்.

பக்செக்கோட் எண் ஒவ்வொரு தடவையும் மாறி மாறி வந்தால் பெரும்பாலும் ராம் (மெமரி) தான். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ என்ற மென்பொருளை பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் தேறவில்லை என்றே அர்த்தம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றிப் பாருங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடல் காற்றில் ராமின் ஓரத்திலுள்ள தங்கநிறக் காலில் கருப்புப் படிந்திருக்கலாம். மெல்லிய அழிரப்பரால் ஒரே திசையில் துடைத்து, துகளை ஊதாமல் பிரஷால் தட்டிவிட்டு மாட்டுங்கள். பிறகும் பிழை வந்தால் ஒவ்வொரு ஸ்டிக்காகச் சோதியுங்கள்.

டிஸ்கைச் சோதிக்க கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் போதும். அது காட்டும் பட்டியலில், ஹார்டு டிஸ்க் என்றால், 05, சி5 என்ற வரிகளின் மதிப்பு ஏறினால் அன்றைக்கே பேக்கப் எடுங்கள். சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான்.

இதற்குப் பிறகு லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவை இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலிருந்தே பூட் செய்து ஒரு நாள் வேலை பாருங்கள். அங்கேயும் தொங்கினால் குற்றம் பெரும்பாலும் ஹார்டுவேரில். தொங்காவிட்டால் உடனே விண்டோஸ்தான் குற்றவாளி என்று முடிவு கட்டாதீர்கள். பென்டிரைவில் ஓடும்போது உங்கள் டிஸ்குக்கு வேலையே இல்லை, கிராஃபிக்ஸ் டிரைவரும் வேறு.

வாதத்தில் எல்லாரும் இழுக்கும் 2024 ஜூலை 19 சம்பவமும் இப்படித்தான். ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்தன. விழவைத்தது க்ரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு அப்டேட் ஃபைல். 20 உள்ளீடுகள் மட்டுமே வந்த இடத்தில் அந்த மென்பொருள் 21வதைப் படிக்கப் போனது. ஓ.எஸ்ஸின் மையமான கெர்னலுக்குள் ஓடும் எந்த நிரலும் பிழை செய்தால் லினக்ஸும் அப்படியே விழலாம். வெளியார் நிரலை அவ்வளவு உள்ளே விட்டதற்கு மட்டும் விண்டோஸைக் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

சரிசெய்யும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய தேதியைக் குறித்துவைத்து, இரண்டு வாரம் அதே ரிலையபிலிட்டி கோட்டைப் பாருங்கள். சிவப்பு திரும்ப வந்தால் பழையபடி மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.