பழைய வண்டிக்கு எலக்ட்ரிக் ஃபேன் மாட்டறப்போ நம்மாளுங்க பண்ற தப்புங்க

அம்பாசடர், பத்மினி, ஹெரால்டுன்னு பழைய வண்டி வச்சிருக்கவங்ககிட்ட மே மாசத்துல பேச்சு குடுத்துப் பாருங்க, எங்க ஆரம்பிச்சாலும் பத்து நிமிஷத்துல ரேடியேட்டர்ல வந்து நிக்கும். சிக்னல்ல நின்னா டெம்பரேச்சர் முள்ளு ஏறுது பாஸ், புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைல ஒரு மாருதி எலக்ட்ரிக் ஃபேன் எடுத்து மாட்டிரலாமான்னு கேப்பாங்க. மாட்டலாம், நானும் மாட்டியிருக்கேன், ஆனா முதல் தடவ மாட்டினப்போ கிட்டத்தட்ட எல்லா தப்பையும் வரிசையா பண்ணேன், அதான் எழுதறேன்.

முதல் தப்பு ஃபேன் வாங்கறதுக்கு முன்னாடியே நடந்துருது. வண்டி எப்போ கொதிக்குதுன்னு யாரும் பாக்கறதில்ல. சிக்னல்ல, ஊர்வல டிராஃபிக்ல மட்டும் ஏறி, வண்டி ஓட ஆரம்பிச்சதும் முள்ளு இறங்குதுன்னா காத்து பத்தல, ஃபேன் போட்டா பலன் இருக்கும். ஆனா திண்டிவனம் ரோட்ல 70ல போறப்போ முள்ளு ஏறுதுன்னா ஃபேன் ஒண்ணும் கிழிக்காது, ஏன்னா 50, 60 தாண்டிட்டா எதிர்காத்தே ரேடியேட்டருக்குப் போதும், அந்த ஸ்பீடுல எந்த ஃபேனும் தேவையே இல்ல. அப்போ பிரச்சனை வேற எங்கயோ இருக்கு. வருஷக்கணக்கா போர் தண்ணி ஊத்தி ரேடியேட்டர் உள்ள உப்பு படிஞ்சிருக்கும், இல்ல இக்னிஷன் டைமிங் பின்தங்கி இருக்கும், இல்ல ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். மேல் டாங்க்கைக் கழட்டி கம்பி விட்டு அடைப்பு எடுக்கற வேலைய ரேடியேட்டர் கடைல முடிச்சதுக்கு அப்புறம் ஃபேனே வேணாம்னு விட்டவங்களும் இருக்காங்க. இதே சாக்குல சிலர், தண்ணி சூடாகற வரைக்கும் ரேடியேட்டருக்கு விடாம மூடி வைக்கற தெர்மோஸ்டாட் வால்வையும் கழட்டி வீசிருவாங்க, அது தனி கூத்து.

அடுத்தது டைனமோ கணக்கு, அதாவது பேட்டரிக்கு சார்ஜ் குடுக்கற மெஷினோட கணக்கு. என்னைக் கேட்டா இதுதான் பெரிய தப்பு, ஆனா யாருமே இதப் பத்தி பேசறதில்ல. பழைய லூகாஸ் சி40 டைனமோ முழு மூச்சுல ஓடினாதான் 22 ஆம்ப்ஸ், ஐட்லிங்ல கிட்டத்தட்ட ஒண்ணுமே தராது, டேஷ்போர்டுல சிவப்பு லைட் மினுக்கறது அதுக்குத்தான். இப்போ ராத்திரி, மழை, டிராஃபிக்னு வச்சுக்குங்க. ஹெட்லைட் ரெண்டும் சேர்ந்து ஒரு 8 ஆம்ப்ஸ், பார்க் லைட்டு டெயில் லைட்டு 2, இக்னிஷன் காயில் 3 இல்ல 4, வைப்பர் 3. அதுக்கு மேல ஃபேன் ஒரு 8ல இருந்து 10. கூட்டிப் பாருங்க, 25ஐ தொட்டுருது. அதுலயும் கொடுமை என்னன்னா ஃபேன் தேவைப்படற நேரமும் டைனமோ தூங்கற நேரமும் ஒண்ணு, சிக்னல்ல நிக்கறப்போ! மொத்த லோடும் பேட்டரி தலையிலதான் விடியும். எனக்கு வடபழனி சிக்னல்ல ஒரு நவம்பர் மாச ராத்திரி இது நடந்துச்சு, முள்ளு அழகா நடுவுல நின்னுச்சு, நான் பெருமையா பாத்துட்டே இருந்தேன், ஹெட்லைட் மெதுவா மஞ்சளாச்சு, வைப்பர் பாதி கண்ணாடில நின்னு போச்சு, அப்புறம் இன்ஜினும் நின்னுச்சு. பின்னாடி ஒரு எம்டிசி பஸ் டிரைவர் அடிச்ச ஹாரன் இன்னும் காதுல இருக்கு. அதனால ஃபேன் போடறதா இருந்தா டைனமோவுக்குப் பதிலா ஐட்லிங்லயும் கரண்ட் தர்ற ஆல்டர்னேட்டர் மாத்தறதையும் சேத்தே பிளான் பண்ணுங்க, டைனமோவோடதான் ஓட்டுவேன்னு அடம்பிடிக்கறவங்க பகல்ல மட்டும் ஓட்டறவங்களா இருந்தா தப்பிச்சுக்கலாம்.

இந்தக் காலத்து வண்டி மட்டும் பாத்த எலக்ட்ரிசியன்கிட்ட விட்டா இன்னொரு வேடிக்கை நடக்கும். பழைய வண்டிகள்ல சிலது பாசிட்டிவ் எர்த், அதாவது பாடியே பாசிட்டிவ். என் அம்பாசடர் மார்க் 2 வாங்கறப்போ அப்படித்தான் இருந்துச்சு. எலக்ட்ரிசியன் தம்பி பழக்க தோஷத்துல கருப்பு வயரை பாடில முடுக்கிட்டாரு, சிவப்பு வயருக்கு லைன் குடுத்துட்டாரு, ஃபேன் ஜோரா சுத்துது, எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா அது தலைகீழா சுத்துது, இன்ஜின் பக்கத்து சூட்டுக் காத்தை ரேடியேட்டர் வழியா முன்னாடி தள்ளுது, வண்டி ஓடறப்போ எதிர்காத்தோட மல்லு கட்டுது. நின்னா பரவால்ல, 30, 40ல போனா முள்ளு ஏறுதுன்னு ரெண்டு வாரம் மண்டை காஞ்சேன். கடைசில கிரில் முன்னாடி ஒரு தினத்தந்தி பேப்பர் துண்டைக் காட்டினேன், ரேடியேட்டர்ல ஒட்டிக்க வேண்டிய பேப்பர் என் மூஞ்சில வந்து அடிச்சுது. ரெண்டு வயரை மாத்திப் போட்டதும் பேப்பர் பச்சக்னு ஒட்டிக்கிச்சு. நெகட்டிவ் எர்த் வண்டியா இருந்தாலும் இந்த பேப்பர் டெஸ்ட்டைப் பண்ணிருங்க, காசா பணமா.

இதோட தொடர்பா ஒண்ணு. மாருதி ஃபேன் ரேடியேட்டருக்குப் பின்னாடி இருந்து காத்தை இழுக்கற வகை. பின்னாடி இடம் பத்தலன்னு அதை முன்னாடி கிரில் பக்கம் மாட்டி வயரை மட்டும் மாத்திப் போட்டா காத்து சரியான பக்கம் போகும், ஆனா இறக்கையோட வளைவு தப்பா இருக்கறதால தம் இருக்காது. இறக்கையையும் கழட்டித் திருப்பிப் போடணும். சில மாடல்ல இறக்கை திரும்பாது, அப்போ தள்ளுற வகை ஃபேனாவே தேடி வாங்குங்க. அதுவுமில்லாம அது 796 சிசி இன்ஜினுக்காக செஞ்ச ஃபேன், அம்பாசடர் 1489 சிசி, ஒண்ணு பத்தலன்னா ஃபேனைத் திட்டாதீங்க.

மாட்டற விதம் பத்தி. ரேடியேட்டர் நடுவுல பிளாஸ்டிக் டை குத்தி இறுக்கற ஆளுங்க இன்னும் இருக்காங்க, தயவுசெஞ்சு வேணாம். அதிர்வுல அந்த டை மெல்ல மெல்ல தேய்ச்சு டியூப்ல ஓட்டை போட்டுரும். பட்டைக் கம்பில பிராக்கெட் அடிச்சு ரேடியேட்டர் பிரேம்ல நிறுத்துங்க. ஃபேனைச் சுத்தி ரேடியேட்டரை மூடற கூண்டு இல்லாம வெறும் ஃபேனை நிறுத்தினா இறக்கை சுத்தற வட்டம் மட்டும்தான் குளிரும், நாலு மூலையும் சும்மா கிடக்கும். அதுக்காக தகரத்துல முழுசா மூடி கூண்டு அடிச்சீங்கன்னா ஹைவேல எதிர்காத்து போக வழியில்லாம அங்க சூடேறும், நடுவுல பாத்து அடிங்க.

பெல்ட்டுல சுத்தற பழைய ஃபேனைக் கழட்டறப்போ ஒரு சின்ன விஷயம், ஆனா வாட்டர் பம்ப்பையே காலி பண்ணிரும். அம்பாசடர்ல ஃபேனையும் புல்லியையும் பிடிச்சிருக்கறது அதே நாலு போல்ட்டு. ஃபேன் போனதும் அதே நீள போல்ட்டைத் திருப்பி முடுக்கினா ஃபேனோட கனத்துக்கு உள்ள போயிரும், பின்னாடி பம்ப் பாடில இடிக்கும், இல்லன்னா புல்லி இறுகாம ஆடும். சின்ன போல்ட்டு போடுங்க, இல்ல வாஷர் வச்சு ஈடு கட்டுங்க. பெல்ட்டையும் சேத்து கழட்டிட்டு எலக்ட்ரிக் ஃபேன்தான் இருக்கே இது எதுக்குன்னு கேட்டவரையும் நான் பாத்திருக்கேன், பேருதான் ஃபேன் பெல்ட்டு, வாட்டர் பம்ப்பும் டைனமோவும் ஓடறது அதுலதான்!

வயரிங்ல ஸ்விட்ச் வழியா நேரா கரண்ட் விடாதீங்க, சின்ன கரண்டை வச்சு பெரிய கரண்டை ஆன் பண்ற ரிலே போடுங்க. ரிலேல 30ன்னு நம்பர் போட்ட பின்னுக்கு பேட்டரில இருந்து நேரா லைன், பேட்டரிக்குப் பக்கத்துலயே ஒரு பியூஸ், 87ல இருந்து ஃபேன், 85ம் 86ம், தண்ணி சூடு பாத்து தானா ஆன் ஆகற தெர்மோ ஸ்விட்சுக்கும் இக்னிஷனுக்கும். ஃபேனுக்குப் போற வயர் 2.5 ஸ்கொயர் எம்.எம்.க்கு குறையாம இருக்கட்டும், நான் 4 போட்டேன். எர்த்தை ரேடியேட்டர்ல முடுக்காதீங்க, பெயின்ட் சுரண்டி பாடிலயே முடுக்குங்க. ஃபேன் லைனை இக்னிஷன்ல இருந்தே எடுத்தா ஒரு பேய் வேலை நடக்கும், சாவியை ஆஃப் பண்ணினப்புறமும் ஃபேன் சுத்தற வேகத்துல மோட்டார் ஜெனரேட்டர் மாதிரி கரண்ட் திருப்பி அனுப்பும், இன்ஜின் ரெண்டு செகண்ட் உருமிட்டுதான் நிக்கும். கார்புரேட்டர்தான் கோளாறுன்னு பிரிச்சவங்க உண்டு.

தெர்மோ ஸ்விட்ச் வாங்கறப்போ டிகிரி பாருங்க. தெர்மோஸ்டாட் 82ல திறக்குதுன்னா ஃபேன் ஸ்விட்சும் 82ன்னு வாங்கினா ஃபேன் நிக்கவே நிக்காது. மேல் ஹோஸ் பக்கம் வைக்கறதா இருந்தா 92ல ஆன் ஆகி 87ல ஆஃப் ஆகறது சரியா வரும், கீழ தண்ணி வெளிய வர்ற பக்கம் வச்சா அங்க சூடு குறைவு, அதுக்குத் தகுந்த மாதிரி குறைக்கணும். டேஷ்போர்டுல கையால ஆன் பண்ற ஸ்விட்ச் ஒண்ணும் கூடவே ஒரு குட்டி லைட்டும் வச்சுக்குங்க, ஃபேன் ஓடுதா இல்லையான்னு இன்ஜின் சத்தத்துல கேக்காது.

எல்லாம் முடிஞ்சதும் நிழல்ல நிறுத்தி இருபது நிமிஷம் ஐட்லிங்ல விடுங்க, ஃபேன் வந்து போய் வந்து போகணும். அந்த நேரம் ரிலே கனெக்டரைக் கைல பிடிச்சுப் பாருங்க, பிடிக்க முடியாத அளவு சுட்டா வயர் ஒல்லி, இல்ல முனை சரியா கிரிம்ப் ஆகல. பழைய இரும்பு ஃபேனையும் அந்த நாலு நீள போல்ட்டையும் காயலான் கடைக்குப் போடாம துணில சுத்தி டிக்கில வையுங்க, என்னுது ஸ்டெப்னிக்கு அடியிலதான் இருக்கு, செங்கல்பட்டு தாண்டி ஒரு தடவ மோட்டார் கரிஞ்சப்போ அதை மாட்டிக்கிட்டுதான் வீடு வந்து சேர்ந்தேன்.